அணையைத் திறந்ததால்தான் வெள்ளமா? தாமிரபரணி, டிசம்பர் 2023

ஏரல்வாசி எழுதியது:

பொங்கலுக்கு வந்த மச்சானுக்கும் எனக்கும் கரும்பு கடிக்கிற நேரத்தில் தொடங்கிய சண்டை, அவர் ஊருக்குக் கிளம்பிய பிறகும் ஓயவில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளை ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் டிசம்பர் 17, 18 தேதிகளில் நாம் மூழ்கினோம் என்பது அவர் கட்சி. என் கட்சி என்ன என்று எனக்கே தெரியாது. அவர் சொல்வதால் நான் மறுத்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஜன்னல் கட்டை வரை தண்ணீர். வாழை மொத்தமும் போச்சு. விவரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வாட்ஸ்அப் ஆடியோ மட்டும் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே பதினேழு கேட்டாயிற்று.

முத்துநகர் மைந்தன் எழுதியது:

இதில் சந்தேகம் வேறா? மழை 18-ஆம் தேதி குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் அதற்கு அப்புறமும் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. மழை நின்ற பிறகு வந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? அணையிலிருந்துதான். உங்கள் மச்சான் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

மழைமானி எழுதியது:

வணக்கம். நான் நீரியல் ஆய்வு மாணவி. இந்த ஆற்றுப்படுகைதான் என் ஆய்வுக் களம். ஒரு மாதமாகக் காலில் சேறு காயவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் முத்துநகர் அண்ணனுக்கு. தூத்துக்குடி நகரத்துக்குள் வந்ததில் பெரும்பங்கு தாமிரபரணித் தண்ணீர் இல்லை. அது கோரம்பள்ளம் குளம் உடைந்து வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றிலிருந்து பிரியும் வடகால் வாய்க்காலின் கடைசிக் குளம் என்பதால் அதை ஆற்றோடு சேர்த்தே நினைக்கிறோம். ஆனால் அந்தக் குளத்துக்குத் தனியாக ஒரு பெரிய நீர்ப்பிடிப்பு இருக்கிறது. கயத்தாறு, ஒட்டப்பிடாரம் பக்கத்து ஓடைகளெல்லாம் அங்கேதான் வந்து விழும். அன்றைக்குக் கோவில்பட்டியில் மட்டும் 53 செ.மீ. மழை. அதெல்லாம் கரிசல் காடு. வெயில் காலத்தில் வெடித்துக் கிடக்கும்போது எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். நனைந்து ஊறி வெடிப்பு மூடிவிட்டதென்றால் சிமெண்டுத் தரை மாதிரிதான், விழுந்த தண்ணீர் அப்படியே ஓடும். அந்தத் தண்ணீர் கோவில்பட்டியில் விழுந்து, ஓடையில் சேர்ந்து, குளத்துக்கு வந்து, கரையை உடைத்து உங்கள் தெருவுக்கு வர நேரம் எடுக்கும் அல்லவா? மழை விட்ட பிறகு தண்ணீர் ஏறியதற்கு அதுதான் காரணம். அந்தப் பாதையில் பாபநாசம் அணை எங்கேயும் குறுக்கே வரவில்லை.

வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது மாவட்ட வரைபடத்தை மடித்து வைத்துவிட வேண்டும். எந்தச் சொட்டு எந்தப் பக்கம் வழியும் என்று மேடு பள்ளம் பார்த்துக் கோடு போட்டால்தான் கதை புரியும். ஒரே மாவட்டத்தில் ஒரே நாளில் குறைந்தது மூன்று தனித்தனி வெள்ளங்கள் வந்தன. ஆற்று வெள்ளம் ஒன்று, கோரம்பள்ளம் ஒன்று, காயல்பட்டினம், திருச்செந்தூர் பக்கம் வானத்திலிருந்து நேராக விழுந்தது ஒன்று.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அழகாகச் சொல்கிறீர்கள். ஆனால் ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் ஆற்றங்கரைதானே? அங்கே வந்தது அணைத் தண்ணீர்தான் என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா? மாஞ்சோலையிலும் கொட்டியிருக்கிறது. அதற்குக் கீழே மணிமுத்தாறு இருக்கிறது.

மழைமானி எழுதியது:

அணைத் தண்ணீரும் வந்தது. அதை மறுக்கவே இல்லை. எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி.

18-ஆம் தேதி காலை 8.30 வரையான 24 மணி நேரக் கணக்கு இது: காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62, மூலைக்கரைப்பட்டி 61, மாஞ்சோலை 55. இதில் மாஞ்சோலை ஒன்றுதான் மலை. மற்ற நான்கும் அணைகளுக்கு வெகு கீழே, சமவெளியில் இருக்கிற ஊர்கள். காயல்பட்டினத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமாக ஒரே நாளில் பெய்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 100 சதுர கிலோமீட்டர் நிலத்தில் 60 செ.மீ. மழை விழுந்தால் 6 கோடி கனமீட்டர், அதாவது 2 டி.எம்.சி.க்குச் சற்று மேல் (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கனஅடி). பாபநாசம் அணை முழுக் கொள்ளளவே 5.5 டி.எம்.சி.தான். தாமிரபரணிப் படுகை சுமார் 4,400 சதுர கிலோமீட்டர். அணைகள் மலையின் ஒரு துண்டில் விழுவதைத்தான் பிடிக்கும். சீவலப்பேரியில் வந்து சேர்கிற சிற்றாறு, இடையில் சேர்கிற பச்சையாறு, பேர் இல்லாத நூறு ஓடைகள், இவையெல்லாம் பாபநாசத்தையோ மணிமுத்தாறையோ எட்டிப் பார்ப்பதே இல்லை.

1992 வேறு கதை. அந்த நவம்பர் 13-இல் மாஞ்சோலை மலையில் உள்ள காக்காச்சியில் 965 மி.மீ. கொட்டியது. அந்த வெள்ளம் மலையிலிருந்து இறங்கி வந்தது. அன்று அணை எப்போது திறந்தது, எவ்வளவு திறந்தது என்று மணிக்கணக்கில் விசாரிக்க வேண்டும், அதில்தான் விஷயம். 2023-இல் வெள்ளம் பாதி வழியிலேயே பிறந்தது. 92-ஐப் பார்த்தவர்கள் அந்தக் கண்ணோடே 2023-ஐயும் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய லஸ்கர் எழுதியது:

தங்கச்சி சொல்வது சரி. 92-இல் நான் ஒரு அணைக்கட்டில், அதாவது ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய தாழ்வான தடுப்பில், மதகும் நீர்மட்டமும் பார்க்கிற லஸ்கர் வேலையில் இருந்தேன். எந்த ஊர் என்று வேண்டாம். ராத்திரி டார்ச் அடித்து அளவுகோலைப் பார்க்க வேண்டும். ஒரு மணிக்குப் பார்த்தேன், இரண்டு மணிக்குப் பார்த்தேன், மூன்று மணிக்கு அளவுகோலையே காணோம். அப்புறம் எழுதிய கணக்கெல்லாம் அந்த இடத்தில் நின்ற புளியமரத்தைப் பார்த்து எழுதியது. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் அந்த எண்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மழைக்கு முன்னாடியே அணையைக் காலி பண்ணி வைத்திருக்கலாமே என்று டீக்கடையில் எல்லோரும் கேட்கிறார்கள். டிசம்பர் என்ன மாசம்? பிசான நெல் நட்ட மாசம். தை, மாசி வரைக்கும் பயிருக்குத் தண்ணீர் வேண்டும். சித்திரை, வைகாசியில் குடிதண்ணீர் வேண்டும். காலி பண்ணிவிட்டு மழை பொய்த்துவிட்டால் அதே டீக்கடையில் எங்களைச் செருப்பால் அடிப்பார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

லஸ்கர் அண்ணாச்சி, புளியமரத்தைப் பார்த்து எழுதிய எண்ணை வைத்தா இவர்கள் ஆய்வு செய்கிறார்கள்? நல்ல கூத்து.

சரி, மழைமானிக்கு ஒரு கேள்வி. இதை நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்கிறார்கள். 92-இல் ஒன்று, 2023-இல் ஒன்று. நடுவில் 31 வருஷம்தான். கணக்கு தப்பா, வார்த்தை தப்பா?

மழைமானி எழுதியது:

வார்த்தை தப்பு. அப்படிப் பேர் வைத்தவர்களைக் கேட்க வேண்டும். எந்த ஒரு வருஷத்தை எடுத்தாலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். போன வருஷம் வந்ததே, இனி நூறு வருஷம் நிம்மதி என்று ஆறு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. 30 வருஷம் ஆற்றங்கரையில் குடியிருந்தால் அதை ஒருமுறையாவது பார்க்க வாய்ப்பு நூற்றுக்கு 26. வீட்டுக்கடன் அடைத்து முடிப்பதற்குள் நாலில் ஒரு வாய்ப்பு.

கணக்கிலும் சிக்கல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கையில் உள்ள பதிவு சில பத்து வருஷம்தான். அதை வைத்து நூறு வருஷத்தைச் சொல்ல வரைபடத்தில் கோட்டை நீட்டுகிறோம். 2023-ஐச் சேர்த்துவிட்டுக் கோடு போட்டால் முன்பு நூறு வருஷ வெள்ளம் என்று சொன்னது ஐம்பதோ அறுபதோ ஆகிவிடலாம்.

புளியமரத்தைக் கேலி செய்யாதீர்கள். எனக்கு இந்த மாதம் முழுக்க அதுதான் வேலை.

ஏரல்வாசி எழுதியது:

புளியமரம் பார்ப்பதா?

மழைமானி எழுதியது:

கிட்டத்தட்ட. பெருவெள்ளத்தில் ஓடும் தண்ணீரை யாராலும் நேராக அளக்க முடியாது. பாலத்திலிருந்து கருவியை இறக்கினால் மரமும் மாட்டுக் கொட்டகைக் கூரையும் அடித்துக்கொண்டு வந்து அதைப் பிடுங்கிப் போய்விடும். சாதாரண நாளில் அளந்து வைத்த அளவுகளை வைத்து, இத்தனை உயரம் என்றால் வினாடிக்கு இத்தனை கனஅடி என்று ஒரு வளைகோடு போட்டிருப்பார்கள். வெள்ளம் அந்தக் கோடு முடிகிற இடத்துக்கு மேலே போய்விட்டால் மிச்சம் ஊகம்தான். அணைக்கட்டின் மேல் எத்தனை அடி உயரத்துக்குத் தண்ணீர் போனது என்று வைத்தும் கணக்கிடலாம். உயரம் இரண்டு மடங்கானால் பாய்வு மூன்று மடங்குக்குப் பக்கத்தில் ஏறும். ஆனால் அணைக்கட்டுக்குக் கீழ்ப்பக்கமும் தண்ணீர் ஏறி, அணைக்கட்டே தெரியாமல் மூழ்கிவிட்டால் அந்தச் சூத்திரம் செல்லாது. பெருவெள்ளத்தில் அதுதான் நடக்கும்.

அதனால் வெள்ளம் வடிந்த பிறகு தடயம் பார்க்கிறோம். சுவரில் படிந்த வண்டல் கோடு, வேலியில் சிக்கிய வைக்கோல், பனைமரத்தில் தொங்கும் யூரியா சாக்கு. ஆற்றின் நீளத்துக்கு மூன்று நாலு இடத்தில் இந்த உயரங்களைப் பிடித்து, ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து, சரிவைப் போட்டால் உச்சத்தில் எவ்வளவு ஓடியிருக்கும் என்று திரும்பக் கணக்கிடலாம். நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து முன்னே பின்னே இருக்கும். யாராவது ஒற்றை எண்ணைச் சொல்லி அடித்துப் பேசினால் நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும்.

அந்தக் கணக்கில் ஒரு எண் இருக்கிறது, கரையின் சொரசொரப்பு. ஆறு சுத்தமாக இருந்தால் அது சின்ன எண். கரையெல்லாம் சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் அது இரண்டு மடங்காகும், தண்ணீரின் வேகம் பாதியாகும். அதே தண்ணீர் மெதுவாகப் போனால் எங்கே நிற்கும்? உயரத்தில்தான். ஏரல் பக்கம் நான் பார்த்த கரைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

பிசானம்67 எழுதியது:

நான் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வடகால் பாசனத்தில் எங்கள் ஊர்க் குளம் இருக்கிறது. எல்லோரும் அணையைப் பேசுகிறீர்கள், குளத்தை யாரும் பேசவில்லை.

17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்தே மழை. சாயங்காலம் கரைக்குப் போனோம். குளம் நிறைந்து நிற்கிறது, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற மறுகால் பாய வேண்டும், பாயவில்லை. ஏன் பாயவில்லை என்றால் மறுகாலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தது. யார் அடுக்கியது? நாங்கள்தான். ஐப்பசியில் ஒரு சாண் தண்ணீர் கூடுதலாகத் தேக்கினால் கடைசி வயலுக்கு ஒரு தண்ணீர் கூடும் என்று வருஷா வருஷம் அடுக்குவோம். அப்பா காலத்திலிருந்து வழக்கம். மூட்டையை எடுக்க நாலு பேர் இறங்கினார்கள், இடுப்பளவு இழுப்பு. இரண்டு மூட்டை எடுத்தோம், அதற்குள் இருட்டிவிட்டது. ராத்திரி கரை போச்சு. உடைந்தது மறுகால் பக்கம்கூட இல்லை, நடுக்கரையில் எப்போதோ எலிவளை இருந்த இடம்.

எங்கள் குளம் உடைந்து அடுத்த குளம், அது உடைந்து அதற்கடுத்தது. ஆற்றில் அணைத் தண்ணீர் எவ்வளவு வந்ததோ எனக்குத் தெரியாது. என் வயலில் மூணடி மணல் போட்டது எங்கள் குளத்துத் தண்ணீர்.

முத்துநகர் மைந்தன் எழுதியது:

அண்ணாச்சி, மன்னிக்க வேண்டும். இதை எழுத உங்களுக்கு மனசு வந்ததே பெரிய விஷயம். ஆனால் வரத்துக் கால்வாயைத் தூர்வாராமல் விட்டது யார், ஓடைப் புறம்போக்கில் பட்டா கொடுத்தது யார், குளத்தில் அமலைச் செடி மண்டியபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தது யார்? மணல் மூட்டை அடுக்கிய விவசாயியைக் குற்றவாளி ஆக்கிவிட்டுப் போக வேண்டாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

கட்சிப் பெயர்களோடு வந்த மூன்று பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

மழைமானி எழுதியது:

பிசானம் அண்ணாச்சி, நீங்கள் எழுதியது எனக்கு எந்த அறிக்கையிலும் கிடைக்காதது. கேட்காமலே கிடைத்தது.

வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு இல்லை என்று வகுப்பில் படிக்கும்போது அது வெறும் வாசகமாக இருந்தது. அந்த மணல் மூட்டை வறட்சிக்குப் பயந்து வைத்தது. 2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் சுமார் 440 மி.மீ. பெய்ய வேண்டிய இடத்தில் 168 மி.மீ.தான் பெய்தது. 2017 ஜனவரி 10-ஆம் தேதி அத்தனை மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்த வருஷம் பிசானம் கருகியதைப் பார்த்தவர் மறுகாலில் மூட்டை வைக்காமல் இருப்பாரா? அணையில் லஸ்கர் அண்ணாச்சி சொன்ன அதே நியாயம்தான், அளவுதான் சின்னது.

குளங்கள் வெள்ளத்தைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வோம். ஓரளவு மழைக்கு அது உண்மை. குளம் காலியாக இருந்தால் முதல் மழையை வாங்கிக்கொள்ளும். நிறைந்த குளத்துக்கு மேல் அறுபது செ.மீ. விழுந்தால், கரை உடைகிறபோது பல நாள் தேக்கியதை ஒரே மணி நேரத்தில் கொடுத்துவிடும். மேலிருந்து கீழாகச் சங்கிலியாக உடைந்தால் ஒவ்வொன்றும் அடுத்ததைத் தள்ளும். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றதே, செய்துங்கநல்லூர்ப் பக்கம் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியே இல்லாமல் போனது. அங்கே எந்தக் குளத்துத் தண்ணீர், எந்த நேரம் வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயணிகளுக்குச் சோறு போட்ட புதுக்குடிக்காரர்களிடம்தான் விசாரித்து வருகிறேன். உலை வைத்தது எப்போது, தண்ணீர் வாசலுக்கு வந்தது எப்போது என்று சோற்றை வைத்தே மணி சொல்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் தீர்ப்பு என்ன? ஏரல்வாசி மச்சானிடம் என்ன சொல்லட்டும்?

மழைமானி எழுதியது:

அணை மட்டும் காரணம் என்றால் தவறு, அணைக்குப் பங்கே இல்லை என்றாலும் தவறு. இதைச் சொன்னால் மச்சான் ஒப்புக்கொள்ள மாட்டார், தெரியும். ஒரு கணக்கு கொடுக்கிறேன். ஆற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி வீதம் ஒரே ஒரு நாள் ஓடினால் 8.64 டி.எம்.சி. பாபநாசம் அணையை ஒன்றரை முறை நிரப்பலாம். அணை முற்றிலும் காலியாக இருந்து, வந்த தண்ணீர் எல்லாம் அதற்குள்ளேயே விழுந்திருந்தாலும் முழுசையும் பிடித்திருக்காது. விழுந்ததோ அணைக்குக் கீழே.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. மலைமேல் பெய்யும் மழைக்கு எச்சரிக்கை கொடுக்க ஓரளவு வழி இருக்கிறது. அணையில் ஆள் இருக்கிறார், போன் இருக்கிறது, தண்ணீர் இறங்கி வரச் சில மணி நேரம் ஆகும். மூலைக்கரைப்பட்டியில் 61 செ.மீ. பெய்துகொண்டிருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு அதை மணிவாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? மழை அளவு மறுநாள் காலை 8.30-க்குத்தான் எண்ணாக மாறுகிறது என்றால் அது வரலாற்றுக்கு உதவும், ஏரலுக்கு உதவாது. அணைக்குச் செலவிடும் கவனத்தில் கொஞ்சம் சமவெளி ஓடைகளில் தானியங்கி மழைமானிக்கும் குளத்து மட்டத்துக்கும் போகட்டும் என்பேன். என் புனைபெயரைப் பார்த்து இவள் வேறென்ன சொல்வாள் என்று நினைப்பீர்கள்.

பழைய லஸ்கர் எழுதியது:

குளத்துக்கு ஒரு நீர்க்கட்டி இருப்பான் அந்தக் காலத்தில். மழை இருட்டினால் மண்வெட்டியோடு கரையில்தான் கிடப்பான். அவனுக்கு நெல் அளந்துகொண்டிருந்தோம். நெல் நின்றது, அவனும் நின்றான்.

மழைமானி எழுதியது:

அண்ணாச்சி, அந்த வேலையை எந்தக் கருவியாலும் முழுசாகச் செய்ய முடியாது. எலிவளையைக் கருவி பார்க்காது.

இப்போது எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளக் கோடு பார்த்து அளக்க வந்தால் பாதி வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்! யாரையும் குறை சொல்ல முடியாது, சேறு பிடித்த சுவரோடு யார் பொங்கல் வைப்பார்கள். வெள்ளையடிக்காத சுவர், மோட்டார் ரூம், தொழுவம், கோயில் மதில் எங்காவது கோடு மிச்சம் இருந்தால் தரையிலிருந்து எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று அளந்து போடுங்கள். எந்தத் திசையைப் பார்த்த சுவர் என்றும் சொல்லுங்கள். ஓட்டத்தை எதிர்த்து நிற்கிற சுவரில் தண்ணீர் மோதி ஏறியிருக்கும், அந்தக் கோடு கூடுதலாகக் காட்டும்.

பிசானம்67 எழுதியது:

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் உள்மண்டபத் தூணில் 4 அடி 7 அங்குலம். பிள்ளையார் நெற்றி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வெள்ளையடிக்க விடவில்லை, சுண்ணாம்பு வாங்கக் காசில்லை என்பதும் ஒரு காரணம்.

ஏரல்வாசி எழுதியது:

மச்சானுக்கு இந்த இழையை அனுப்பினேன். முழுக்கப் படித்துவிட்டு, "எல்லாம் சரி, அணையை ஏன் ராத்திரி திறந்தான்?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். விட்டுவிட்டேன்.

வீட்டில் வெள்ளையடித்தாயிற்று. மோட்டார் ரூமில் கோடு அப்படியே இருக்கிறது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன், 5 அடி 2 அங்குலம். கிழக்குப் பார்த்த சுவர்.

மழைமானி எழுதியது:

அருமை! உள்பக்கக் கோடா, வெளிப்பக்கமா?

ஏரல்வாசி எழுதியது:

உள்பக்கம். வெளிப்பக்கத்தை மாடு உரசி உரசி அழித்துவிட்டது.

மழைமானி எழுதியது:

உள்பக்கமே நல்லது, அலை அடித்திருக்காது. சனிக்கிழமை மட்டக் கருவியோடு வருகிறேன். அதுவரை மாட்டை உள்ளே விட்டுவிடாதீர்கள்.